தட்டில் பிழையா, இல்லை இப்படித்தான் இருக்க வேண்டுமா? வில்லி நெல்சனின் 1975 இசைத்தட்டு

கடற்கரைவீதி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் இங்கே புதிது. இந்த விஷயம் தெரிந்தவர்கள் எனக்கு வேறு எங்கும் இல்லை, அதனால்தான் கேட்கிறேன், கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மாமா, அம்மாவின் தமையன், கப்பலில் வேலை செய்தவர். 70களில் அமெரிக்கத் துறைமுகங்களுக்குப் போய்வருகிற கப்பலில் இருந்தார், அங்கே கரையில் இறங்குகிற நாட்களில் இசைத்தட்டு வாங்குவது அவருடைய ஒரே செலவு என்று அம்மா சொல்வார். 83 ஆடியில் தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்தில் வீட்டுச் சாமான் எல்லாம் போய்விட்டது. ஒரு பெட்டியை மட்டும் பக்கத்து வீட்டுச் சிங்கள அன்ரி தன் கட்டிலுக்குக் கீழே வைத்திருந்து பிறகு திருப்பிக் கொடுத்தார். 11 தட்டுகள். போன வருடம் மாமா காலமானார், பிள்ளைகள் இல்லை, பெட்டி வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்கு வந்தது.

பாதிக்கு மேல் அமெரிக்கப் பாடகர் ஜிம் ரீவ்ஸ். ஒன்றே ஒன்றின் உறையில் மட்டும் மேல் மூலையில் பென்சிலால் "ஹூஸ்டன், 1976" என்று மாமாவின் கையெழுத்து இருக்கிறது. வில்லி நெல்சன் என்பவரின் ரெட் ஹெடட் ஸ்ட்ரேஞ்சர். மற்ற எதிலும் அவர் எதுவும் எழுதவில்லை என்பதால் இதைக் கேட்டே ஆகவேண்டும் என்று தோன்றியது. பழைய பிளேயர் ஒன்றை வாங்கி, வீட்டில் இருந்த அம்ப்ளிஃபயரில் பொருத்திப் போட்டேன்.

இப்போது பிரச்சினை. ஏதோ பாதி இல்லாதது மாதிரிக் கேட்கிறது. ஒரு ஆள் பாடுகிறார், ஒரு கிட்டார், இடைக்கிடை ஒரு பியானோ, அவ்வளவுதான். டிரம்ஸ் இருக்கிறதா என்று காதைக் கிட்டக் கொண்டுபோய்த்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. வயலின் கூட்டம், பின்னணிக் குரல்கள் ஒன்றுமே இல்லை. அதைவிட, முதல் பாட்டின் மெட்டு கொஞ்ச நேரத்தில் திரும்ப வருகிறது, அப்புறம் இன்னொரு முறையும் வருகிறது. ஊசி பின்னால் பாய்ந்து போகிறதோ என்று எழுந்து போய்ப் பார்த்தேன், இல்லை, ஊசி அதன் பாட்டில் உள்ளேதான் போய்க்கொண்டிருக்கிறது. சில பாட்டுகள் ஒரு நிமிடம்கூட ஓடாமல் முடிந்துவிடுகின்றன.

தட்டு பழுதா, பிளேயர் பழுதா, அல்லது இது இப்படித்தானா? இப்படித்தான் என்றால் மாமா ஏன் இதற்கு மட்டும் ஊரும் வருடமும் எழுதி வைத்தார் என்பது எனக்கு விளங்கவில்லை.


பழையதட்டு எழுதியது:

தம்பி, தட்டில் பிழை இல்லை. நீங்கள் கேட்ட இந்தக் கேள்வியை 1975இல் அந்தத் தட்டை வெளியிட்ட கம்பனிக்காரர்களே கேட்டார்கள்.

கொலம்பியா நிறுவனத்தின் பெரியவர்கள் இந்தப் பதிவைப் போட்டுக் கேட்டுவிட்டு, இது மாதிரிக்காகப் பாடிப் பார்த்தது, இனிமேல்தான் இதற்கு வாத்தியங்கள் சேர்க்க வேண்டும் என்று நினைத்தார்கள். ஆனால் நெல்சனுடைய ஒப்பந்தத்தில், பாட்டு எப்படி இருக்க வேண்டும் என்று தீர்மானிக்கிற உரிமை முழுக்க அவரிடம் என்று எழுதியிருந்தது. அவர் ஒரு வயலின்கூடச் சேர்க்க விடவில்லை. அந்த வருடம் மே மாதம் அப்படியே வெளிவந்தது.

இதை விளங்கிக்கொள்ள வேண்டுமானால் உங்கள் பெட்டியில் இருக்கிற ஜிம் ரீவ்ஸைத்தான் பக்கத்தில் வைக்க வேண்டும். எங்கள் தலைமுறைக்குக் கன்ட்ரி, அதாவது அமெரிக்க நாட்டுப்புறப் பாட்டு, என்றாலே ஜிம் ரீவ்ஸ். கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கையில் ஆங்கிலம் பெரிதாகத் தெரியாத வீடுகளில்கூட வானொலியின் ஆங்கிலச் சேவையில் அவருடைய குரல் வந்தால் சத்தத்தைக் கூட்டுவார்கள், நத்தார் காலத்தில் சொல்லவே வேண்டாம். அந்தக் குரலுக்குக் கீழே பஞ்சு மெத்தை விரித்த மாதிரி வயலின்களும் கோரஸும் இருக்கும். நாஷ்வில் நகரத்து ஸ்டூடியோக்களில் 50களின் கடைசியிலும் 60களிலும் அப்படித்தான் செய்தார்கள், நாட்டுப்புறத்து ஃபிடிலையும் ஸ்டீல் கிட்டாரையும் ஒதுக்கிவிட்டுப் பட்டணத்துக்காரரும் வாங்கும்படி பாட்டை வழுவழுப்பாக்கினார்கள். அதைச் செய்தவர்களில் முக்கியமானவர் கிட்டார் மேதை செட் அட்கின்ஸ். ஆர்.சி.ஏ. நிறுவனத்தில் ஜிம் ரீவ்ஸின் பதிவுகளைத் தயாரித்தவர் அவர்தான்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் என்னவென்றால், வில்லி நெல்சனும் 60களில் அதே ஆர்.சி.ஏ.யில் அதே செட் அட்கின்ஸிடம்தான் இருந்தார். அவருக்கும் அதே மெத்தையை விரித்துப் பார்த்தார்கள், பொருந்தவில்லை. அவர் பாடுகிற விதம் அப்படி. தாளத்துக்குச் சற்று முன்னால் வருவார், அல்லது வேண்டுமென்றே பின்தங்குவார், பேசுவது போலச் சொல்லை இறக்கிவிட்டுப் போவார். முப்பது வயலின்களும் ஒரு கோரஸும் சேர்ந்து ஒரே இடத்தில் மூச்சு விடும்போது அந்த விளையாட்டுக்கு இடமே இல்லை. பாட்டு எழுதுகிறவராகப் பெரிய பெயர், 1961இல் பாட்ஸி க்ளைன் பாடிப் புகழ்பெற்ற கிரேஸி இவர் எழுதியதுதான். பாடகராக மட்டும் ஓடவில்லை. கடைசியில் நாஷ்வில்லை விட்டு 1972இல் சொந்த மாநிலமான டெக்சாஸுக்கே திரும்பி, ஆஸ்டினில் குடியேறினார்.

இந்தத் தட்டு 1975 ஜனவரியில் பதிவானது. டல்லாஸுக்குப் பக்கத்தில் கார்லண்ட் என்ற ஊரில், ஆட்டம் சவுண்ட் என்ற சின்ன ஸ்டூடியோ. கூலிக்கு வாசிக்கிறவர்கள் யாரும் இல்லை, மேடை மேடையாக அவரோடு அலைகிற சொந்த ஆட்கள்தான் வாசித்தார்கள். பியானோவில் அவருடைய அக்கா பாபி நெல்சன், ஹார்மோனிக்காவில் மிக்கி ரஃபேல், டிரம்ஸில் பால் இங்கிலிஷ். நீங்கள் தேடிக் கண்டுபிடித்த அந்த டிரம்ஸ் அவருடையது. நைலோன் தந்தி போட்ட கிட்டார் வில்லியுடையது, அதற்கு அவர் ட்ரிகர் என்று பெயர் வைத்திருக்கிறார், இன்றைக்கும் அதைத்தான் வாசிக்கிறார், விரலும் பிக்கும் தேய்த்துத் தேய்த்துப் பலகையில் ஒரு ஓட்டையே விழுந்துவிட்டது.

மெட்டு திரும்ப வருவது ஏன் என்றால், இது 15 தனித்தனிப் பாட்டு இல்லை, ஒரே கதை. சாதாரணமாகப் பாட்டுப் போடுகிற மாதிரி ஊசியை நடுவில் வைக்காதீர்கள். முதல் பக்கத்தின் வெளி விளிம்பில் வைத்து, பக்கம் முடியும்வரை எழும்பாமல் இருங்கள், முழுத் தட்டுமே அரை மணித்தியாலத்துக்குக் கொஞ்சம்தான் கூட. கதையை நான் இங்கே முழுக்கச் சொல்லவில்லை. பாதிரியார் ஒருவர், அவரை விட்டுவிட்டு வேறொருவனோடு போன மனைவி, குதிரையில் அவர்களைத் தேடிப்போகிற பயணம். ஒவ்வொரு திருப்பத்திலும் அந்த முதல் மெட்டு வந்து, ஆள் இப்போது எங்கே நிற்கிறார் என்று சொல்லிவிட்டுப் போகும்.

ஹூஸ்டன் 1976 என்று மாமா எழுதியதற்கும் காரணம் ஒன்று சொல்லலாம், இது என் ஊகம்தான். இந்தத் தட்டில் உள்ள புளூ ஐஸ் க்ரையிங் இன் தி ரெயின் 1975 ஒக்டோபரில் அமெரிக்கக் கன்ட்ரிப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது. பாடகராக வில்லிக்குக் கிடைத்த முதல் முதலிடம் அது, வயது 42. பாட்டு அவர் எழுதியதும் இல்லை, ஃப்ரெட் ரோஸ் எழுதி 40களிலேயே ராய் அகஃப் பாடியது. அதற்குக் கிராமி விருதும் கிடைத்தது. அடுத்த வருடம் டெக்சாஸ் மாநிலத்து ஹூஸ்டனில் கப்பலால் இறங்கிய ஒருவர் காதில் இந்தப் பாட்டு விழாமல் இருந்திருக்க வழியில்லை.


ஊசிமுனை எழுதியது:

பழையதட்டு அண்ணன் சொன்னது எல்லாம் சரி, ஆனால் நான் ரேடியோ செட் திருத்துகிறவன், எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. இசைத்தட்டு மெலிசாக இருப்பது வேறு, "பாதி இல்லாதது மாதிரி" என்று ஒருவர் எழுதுவது வேறு. கடலுக்கு இவ்வளவு கிட்ட இருக்கிற வீட்டில் பழைய பிளேயர் என்றால் ஒரு பக்கம் வேலை செய்யாமல் இருக்க நல்ல சாத்தியம் உண்டு. காலி வீதிக்குக் கடல் பக்கமாக உள்ள வீடுகளில் இருந்து என்னிடம் வருகிற சாமான் எல்லாவற்றிலும் உப்புக் காற்று வேலையைக் காட்டியிருக்கும்.

ஜிம் ரீவ்ஸைப் போட்டு இரண்டு ஸ்பீக்கருக்கும் கிட்டக் காதை வைத்துப் பாருங்கள். ஒன்று பேசாமல் இருந்தால், பிளேயரில் இருந்து அம்ப்ளிஃபயருக்குப் போகிற சிவப்பு, வெள்ளை முனைகள் இரண்டையும் அம்ப்ளிஃபயர் பக்கத்தில் இடம் மாற்றிக் குத்துங்கள். மாற்றுவதற்கு முன் சத்தத்தை முழுக்கக் குறையுங்கள், இல்லாவிட்டால் ஸ்பீக்கர் அடிவாங்கும். மாற்றிய பிறகு பேசாத பக்கமும் இடம் மாறினால் பிழை பிளேயர் பக்கம். பழைய ஸ்பீக்கரே தொடர்ந்து பேசாமல் இருந்தால் பிழை அம்ப்ளிஃபயரில் அல்லது ஸ்பீக்கர் வயரில்.

பிளேயர் என்று தெரிந்தால் பயப்பட வேண்டாம், பத்தில் எட்டுத் தடவை இது சின்ன விஷயம். ஊசி பொருத்திய தலைப்பகுதியைக் கழற்றினால் பின்னால் நாலு மெல்லிய வயர் இருக்கும். வெள்ளையும் நீலமும் இடது பக்கத்துக்கு, சிவப்பும் பச்சையும் வலது பக்கத்துக்கு. அவை குத்தியிருக்கிற ஊசிக்கால்களில் பச்சை பிடித்திருக்கும், அல்லது ஒன்று நழுவியிருக்கும். பார்மசியில் வாங்கலாம், ஐசோபுரோப்பைல் ஆல்கஹோல், அதில் பஞ்சுக்குச்சியை லேசாக நனைத்துத் துடைத்துவிட்டு, முடி பிடுங்குகிற சிறு இடுக்கியால் மெதுவாகத் திரும்பப் பொருத்துங்கள். வயரை இழுக்க வேண்டாம், தலைமுடி மாதிரித்தான் இருக்கும், அறுந்தால் ஈயம் பற்ற வைக்க என்னிடம்தான் வரவேண்டும்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். அந்தப் பிளேயர் அமெரிக்காவில் இருந்து வந்ததா? பின்னால் 60 ஹேர்ட்ஸ் என்று மட்டும் எழுதியிருந்தால், எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் சில பழைய மோட்டார்கள் ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடும், பாடுகிறவர் நித்திரை தூங்குவது மாதிரி இருக்கும்.

தட்டில் வெள்ளைப் பூஞ்சணம் பிடித்திருந்தால் காய்ச்சி வடித்த நீரில் பாத்திரம் கழுவுகிற திரவம் ஒரே ஒரு துளி விட்டு, மெல்லிய துணியால் தட்டின் வரிகள் போகிற திசையிலேயே சுற்றித் துடையுங்கள். நடுவில் உள்ள காகிதத்தில் ஈரம் படக்கூடாது. தேங்காய் எண்ணெய், மண்ணெண்ணெய் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அப்படிப் பாழாய்ப்போன தட்டுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அப்புறம் பெட்டியில் படுக்க வைத்து அடுக்க வேண்டாம், புத்தகம் மாதிரி நிமிர்த்தி வையுங்கள்.


நெய்தல் எழுதியது:

இந்தத் தட்டைப் பற்றித் தமிழில் யாராவது எழுதுவார்கள் என்று நான் நினைத்தே பார்க்கவில்லை. பழையதட்டு ஐயா சொல்லாமல் விட்ட ஒரு விஷயத்தை நான் சொல்கிறேன், முதல் பக்கத்தின் கடைசியில் வருகிற பியானோ.

அது ஜஸ்ட் அஸ் ஐ ஆம் என்ற ஞானப்பாட்டு. நம் சபைகளில் "நான் பாவிதான்" என்று பாடுவதன் மூலம் அது. எழுதியவர் ஷார்லட் எலியட், 1835. நான் மெதடிஸ்த சபையில் பாடகர் குழுவில் வளர்ந்தவள், ஆங்கில ஆராதனையில் அந்த மெட்டைச் சின்ன வயதில் இருந்து பாடியிருக்கிறேன். முதல் தடவை இந்தத் தட்டைக் கேட்டபோது, கொலை, துப்பாக்கி, குதிரை என்று கதை போய்க்கொண்டிருந்த இடத்தில் ஒரு வார்த்தையும் இல்லாமல் அந்தப் பியானோ தொடங்கியதும் நான் வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். பாவம் செய்தவன் இருக்கிற கோலத்திலேயே வந்து நிற்கிற பாட்டு அது. சொற்கள் தெரிந்தவர்களுக்குச் சொற்கள் தேவையில்லை என்று அவர்கள் விட்டிருக்கிறார்கள். வில்லியும் பாபியும் டெக்சாஸில் அபட் என்ற சிற்றூரில் தாத்தா பாட்டியிடம் வளர்ந்தவர்கள், அவர்களும் மெதடிஸ்த சபைப் பிள்ளைகள், அக்கா பியானோ வாசிக்கத் தம்பி கிட்டாரோடு பாடுவது அந்த வயதிலேயே தொடங்கிவிட்டது. நாற்பது வயது தாண்டி ஸ்டூடியோவில் அக்கா வாசிக்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில் அதெல்லாம் இருக்கிறது. பாபி 2022இல் இறக்கும்வரை தம்பியோடு மேடையில் வாசித்தார்.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது. கதை எனக்குச் சம்மதம் இல்லை. மனைவியையும் அவளோடு இருந்தவனையும் கொன்றுவிட்டுப் போகிற ஆள், அப்புறம் வழியில் ஒரு பெண் அவன் இழுத்துவருகிற குதிரையில் கை வைத்ததற்காக அவளையும் சுட்டுவிடுகிறான். அந்தக் குதிரை செத்த மனைவியுடையது, அதனால் அவனுக்கு அது பெரிது, அது விளங்குகிறது. குதிரையைத் திருட வந்தவளைக் கொன்றதற்காக ஒருவனைத் தூக்கில் போட முடியாது என்று பாட்டு நியாயமும் சொல்கிறது. அந்த வரியை நான் ஒவ்வொரு முறையும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் கடக்கிறேன். இவ்வளவு மென்மையான குரலில் அதைச் சொல்வது இன்னும் கஷ்டமாக இருக்கிறது. கேட்கப்போகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன்.


உடுக்கொலி எழுதியது:

நெய்தல் அக்கா சொல்வதை நான் மறுக்கவில்லை. ஆனால் இதை ஊர்க் கதைப்பாட்டாக வைத்துப் பார்த்தால் எனக்கு வேறு மாதிரித் தோன்றுகிறது.

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து இப்போது தெஹிவளையில் இருக்கிறேன். சின்ன வயதில் கோயில் வீதியில் காத்தவராயன் கூத்து விடிய விடியப் பார்த்திருக்கிறேன். ஒரு ஆர்மோனியம், உடுக்கு, தாளம், அவ்வளவுதான் வாத்தியம். காத்தான் மெட்டு என்று ஊரில் சொல்வார்களே, அதே நடை இரவு முழுக்கத் திரும்பத் திரும்ப வரும். யாருக்கும் அலுப்பதில்லை, ஏனென்றால் மெட்டு ஒன்றுதான், கதை நகர்ந்துகொண்டிருக்கிறது, முன்னிரவில் சந்தோஷமாகக் கேட்ட அதே நடையை விடியப்புறம் அவன் கழுமரத்துக்குப் போகும்போது கேட்டால் நெஞ்சு அடைக்கும். இந்தத் தட்டில் முதல் மெட்டு திரும்ப வருகிறபோது எனக்கு அந்த ஞாபகம்தான் வந்தது. கடற்கரைவீதி, நீங்கள் ஊசி பாய்கிறது என்று நினைத்த இடம் இருக்கிறதே, அங்கேதான் கதைசொல்லி மேடைக்குத் திரும்ப வருகிறார்.

நம் கதைப்பாட்டுகளிலும் நல்லவர்கள் மட்டும் இல்லை. நல்லதங்காள் ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் போடுகிறாள். அதைப் பாடுகிறவர் சரி என்று சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறார், கேட்கிறவர்கள் அழுகிறார்கள். தலைப்புப் பாட்டும் வில்லி எழுதியது இல்லை, எடித் லிண்டமன், கார்ல் ஸ்டட்ஸ் என்ற இருவர் 50களில் எழுதியது. வில்லி வானொலி அறிவிப்பாளராக இருந்த காலத்தில் அதை ஒலிபரப்பினார், பிறகு தன் பிள்ளைகளுக்குத் தாலாட்டாகப் பாடினார். கொலைப்பாட்டைத் தாலாட்டாகப் பாடுவதா என்று கேட்கலாம், நம் பாட்டிமார் நல்லதங்காள் கதை சொல்லித்தானே நித்திரையாக்கினார்கள்.

அந்த ஒரு பாட்டுக்கு முன்னும் பின்னும் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துத்தான் முழுத் தட்டையும் கட்டினார். அவர் மனைவி கொனிதான் கொலராடோவில் இருந்து காரில் திரும்பிவரும்போது அந்த யோசனையைச் சொன்னவர். சிலதைச் சொந்தமாக எழுதினார், மற்ற இடங்களுக்கு ஊரறிந்த பழைய பாட்டுகளை எடுத்துப் பொருத்தினார். இதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. புளூ ஐஸ் பாட்டைத் தனியாகக் கேட்டால் சாதாரணப் பிரிவுப் பாட்டு, மழையில் அழுத கண்களை நினைத்துப் பார்க்கிற ஒரு கிழவனின் பாட்டு. இந்தத் தட்டில் அது எங்கே வருகிறது என்று பாருங்கள், மனைவியைக் கொன்ற பிறகு. ஒரு எழுத்தும் மாற்றாமல் அதே பாட்டு வேறு பாட்டாகிவிட்டது.

இரண்டாம் பக்கத்தைக் கேட்டால் அக்காவின் கோபம் முழுக்கத் தீராது, ஆனால் கொஞ்சம் ஆறும் என்று நினைக்கிறேன். டென்வர் நகரத்தில் ஒரு பெண்ணைச் சந்திக்கிறான், ஆடுகிறார்கள், இன்று இரவு உன் கையில் தூங்கலாமா என்று கேட்கிறான். ஹேண்ட்ஸ் ஆன் தி வீல் என்ற பாட்டு வரும்போது துப்பாக்கியும் இல்லை, பழிவாங்கலும் இல்லை, ஒரு வயதான ஆளும் ஒரு குழந்தையும்தான்.


நெய்தல் எழுதியது:

உடுக்கொலி தம்பி, நல்லதங்காள் கதையில் அழுவது நல்லதங்காளுக்காகவும் பிள்ளைகளுக்காகவும். இங்கே செத்த இரண்டு பெண்களுக்கும் பாட்டில் ஒரு பெயர்கூட இல்லை, என் கஷ்டம் அதுதான். குதிரையைத் தொட்டவளைப் பற்றி மஞ்சள் முடிக்காரி என்பதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. வில்லி இதற்கு முந்திய வருடம் செய்த ஃபேஸஸ் அண்ட் ஸ்டேஜஸ் தட்டில் ஒரு மணமுறிவின் முதல் பக்கத்தை முழுக்க மனைவியின் வாயாலும், இரண்டாம் பக்கத்தைக் கணவனின் வாயாலும் சொல்லியிருக்கிறார். அப்படிச் செய்யத் தெரிந்தவர் இங்கே ஏன் செய்யவில்லை என்றுதான் கேட்கிறேன்.

புளூ ஐஸ் பற்றி நீங்கள் சொன்னதை மட்டும் முழுக்க ஏற்றுக்கொள்கிறேன். இத்தனை வருடம் கேட்டும் அந்த இடத்தை நான் அப்படி யோசித்ததில்லை.


பழையதட்டு எழுதியது:

நெய்தல் பிள்ளை கேட்பது நியாயமான கேள்வி. ஃபேஸஸ் அண்ட் ஸ்டேஜஸ் தட்டையும் கடற்கரைவீதி தேடிப் பிடித்துக் கேட்க வேண்டும், அது அட்லாண்டிக் கம்பனிக்குச் செய்தது. 1974இல் அந்தக் கம்பனி தன் கன்ட்ரிப் பிரிவையே மூடிவிட்டது, அதனால்தான் வில்லி கொலம்பியாவுக்கு வந்தார்.

இன்னொரு விவரம். இது வெளிவந்த அடுத்த வருடம்தான் வில்லி, வேலன் ஜென்னிங்ஸ், ஜெஸி கோல்ட்டர், டொம்பால் கிளேசர் பாட்டுகளைச் சேர்த்து வான்டட்! தி அவுட்லாஸ் என்ற தொகுப்பு வந்தது, அமெரிக்காவில் பிளாட்டினம் சான்று பெற்ற முதல் கன்ட்ரித் தட்டு அது, பத்து லட்சம் பிரதி. மாதிரிப் பதிவு என்று நினைத்த ரெட் ஹெடட் ஸ்ட்ரேஞ்சர் பிறகு இருபது லட்சத்துக்கு மேல் போனது. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகளின் பட்டியலிலும் இதைச் சேர்த்துவிட்டது. வெறுமையாக இருக்கிறது என்று யாரும் இப்போது சொல்வதில்லை.


கடற்கரைவீதி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு எழுதுவீர்கள் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை.

முதலில் ஊசிமுனை அண்ணனுக்கு. நீங்கள் சொன்னது சரி. ஜிம் ரீவ்ஸைப் போட்டுக் காதை வைத்தேன், இடது ஸ்பீக்கரில் ஒரு சத்தமும் இல்லை. இரண்டு ஸ்பீக்கரும் ஒரே அலுமாரித் தட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தபடியால் நான் கவனிக்கவே இல்லை. முனைகளை மாற்றிக் குத்தினேன், பேசாத பக்கம் வலதுக்குப் போய்விட்டது. தலைப்பகுதியைக் கழற்றிப் பார்த்தால் வெள்ளை வயர் குத்தியிருந்த காலில் பச்சை நிறத்தில் தூள் மாதிரி. துடைத்துப் பொருத்த எனக்கு முக்கால் மணித்தியாலம் எடுத்தது, கை நடுங்கியது. பிளேயரின் பின்னால் 50 என்றுதான் இருக்கிறது, அந்தப் பிரச்சினை இல்லை.

ஆக என் செட்டும் பிழை. ஆனால் இப்போது இரண்டு பக்கமும் வேலை செய்கிறது, வில்லி நெல்சன் அப்படியேதான் இருக்கிறார்! ஒரு கிட்டார், ஒரு பியானோ, ஒரு ஆள். வித்தியாசம் என்னவென்றால் முன்பு ஒரு பெட்டிக்குள் இருந்து பாடினார், இப்போது அறைக்குள் இருந்து பாடுகிறார். கிட்டாரில் விரல் நகர்வது கேட்கிறது. ஹார்மோனிக்கா எங்கேயோ தூரத்தில் ஒருவர் நின்று வாசிப்பது மாதிரி. டிரம்ஸையும் இப்போது தேட வேண்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பழையதட்டு ஐயா சொன்னபடி முதல் பக்கத்தை விளிம்பில் இருந்து போட்டுவிட்டு எழும்பாமல் இருந்தேன். கரையோர ரயில் இரண்டு தடவை போனது, அந்த நேரம் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. மெட்டு திரும்ப வந்தபோது இந்த முறை பயப்படவில்லை. புளூ ஐஸ் வந்த இடத்தில், உடுக்கொலி அண்ணன் எழுதியதைப் படித்துவிட்டுக் கேட்டதாலோ என்னவோ, அந்தப் பாட்டு முடியும்வரை அசையவே முடியவில்லை. நெய்தல் அக்கா, நீங்கள் சொன்ன வரியும் வந்தது. எனக்கும் அது பிடிக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு கொஞ்ச நேரத்தில் அந்தப் பியானோ வந்தது, நாங்கள் சைவக்காரர், எனக்கு அந்தப் பாட்டின் சொற்கள் தெரியாது, நீங்கள் எழுதியிருந்ததை மட்டும் நினைத்துக்கொண்டு கேட்டேன்.

அம்மா குசினியில் இருந்தார். முதல் பக்கம் முழுக்க ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் பக்கத்தில் டென்வருக்குப் பிறகு பாட்டில்லாமல் ஒரு வால்ட்ஸ் வருகிறதே, அது தொடங்கியதும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து கதவடியில் நின்றார். இது காணிவேல் பாட்டெல்லோ, அண்ணா விசிலடிக்கிறது இதைத்தான் என்றார். கப்பலில் இருந்து லீவில் வந்தால் காலையில் சவரம் செய்யும்போது இதையேதான் அடிப்பாராம், எங்கே பிடித்த பாட்டு என்று வீட்டில் யாருக்கும் தெரியாதாம், அம்மா இவ்வளவு காலமும் சேர்க்கஸில் கேட்டுப் பழகியிருப்பார் என்று நினைத்திருந்தாராம்.

அது என்ன பாட்டு என்று யாராவது சொல்வீர்களா? உறையில் ஓஅர் தி வேவ்ஸ் என்று போட்டிருக்கிறது.


பழையதட்டு எழுதியது:

தம்பி, அது மெக்சிகோக்காரர் ஹுவென்டினோ ரோசாஸ் எழுதிய வால்ட்ஸ், 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்தது. ஸ்பானிய மொழியில் சோப்ரே லாஸ் ஓலாஸ், அலைகளின் மேல் என்று பொருள். சேர்க்கஸிலும் காணிவேலிலும் உலகம் முழுக்க வாசித்த மெட்டு என்பதால் அம்மா சொன்னதும் பிழை இல்லை. ஆனால் மாமா விசிலடித்தது இந்தத் தட்டில் இருந்துதான் என்று நான் நினைக்கிறேன். கப்பல்காரர் வேறு என்ன பாட்டைப் பிடிப்பார்.

அந்தத் தட்டைக் கழுவுவதற்கு முன் பென்சில் எழுத்து இருக்கிற உறையை வேறாக எடுத்து வையுங்கள், ஈரக் கையால் தொட வேண்டாம்.